கதவுக்குக் குறுக்கே ஒரு குழாய்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பேரை. பெற்றது நாலு, மற்ற இரண்டும் என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவை. ஆறு பேரும் இன்று வரைக்கும் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

இப்போது எழுத உட்கார்ந்தது அந்த ஆறில் கடைசியானவளைப் பற்றி. நாத்தனார் பெண். கைக்குழந்தையாக என் மடிக்கு வந்தவள், என்னைத்தான் அம்மா என்று கூப்பிடுவாள். இங்கே மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்றாள், நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். வீட்டில் நானும் அவளும்தான்.

அவள் கார் ரேஸ் ஓட்டுகிறாள். மாதா கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது இதைச் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ரேஸ் என்றால் டிவியில் காட்டுவது மாதிரி இல்லை. மலைக்குப் பின்னால் ஒரு மண் மைதானம். அங்கே பழைய டயரும் ஆரஞ்சுக் கூம்புகளும் வைத்து வளைத்து வளைத்து ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு கார்தான் போகும். யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற ஒருத்தி வேடிக்கைக்கு அழைத்துப்போனாள், இவள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

ஓட்டியது தன் சொந்தக் காரைத்தான். பழைய சின்னக் கார், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினது. வேலைக்குப் போவதும் அதில், ஞாயிற்றுக்கிழமை என்னைப் பூசைக்கு அழைத்துப்போவதும் அதில், முழங்கால் டாக்டரிடம் போவதும் அதில். பின்சீட்டில் இடது பக்கம் என் இடம். பெண்களுக்கென்று லேடீஸ் கிளாஸ் தனியாக உண்டு, அதற்கு அந்தக் கார் அப்படியே போதும், தலைக்கு ஹெல்மெட் போட்டால் சரி. அதில் நாலைந்து பேர்தான் ஓட்டுவார்கள். இவள் கோப்பை வாங்கினாள், மறு வருஷமும் வாங்கினாள். இரண்டும் அலமாரி மேல் இருக்கின்றன, தூசி தட்டுவது நான்தான்.

இரண்டாவது கோப்பை வாங்கின அன்று நானும் போயிருந்தேன். எல்லாரும் காரைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள், இவளைக் காணோம். பார்த்தால் ஓப்பன் கிளாஸ்காரர்களின் டைம் எழுதின போர்டுக்கு முன்னால் நிற்கிறாள். அது ஆண்கள் ஓட்டுகிற கிளாஸ். பெண்கள் வரக்கூடாது என்று இல்லை, வருவதில்லை, அவ்வளவுதான்.

"அங்க உன் பேரே இல்லையே, என்னத்தப் பாக்குற?" என்றேன்.

"என் டைமுக்கு எங்க வந்திருப்பேன்னு பாக்கறேம்மா."

விரல் வைத்துக் காட்டினாள். நடுவில் வருகிறது. அவளுக்குக் கீழே ஏழெட்டு ஆம்பிளைகள் இருந்தார்கள்.  வீடு வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள், அடுத்த தடவை ஓப்பனில் ஓட்டலாம் என்று நினைக்கிறேன், என்ன சொல்றே என்று.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பெற்ற நாலும் கேட்காத பொருள் கிடையாது. சைக்கிள் கேட்டார்கள், வாட்ச் கேட்டார்கள், கிடைக்காவிட்டால் சோறு வேண்டாம் என்று கவிழ்ந்து படுத்தார்கள். இவள் மட்டும் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் டூர் போகும்போது, "அடுத்த வருஷம் போறேம்மா" என்று தானே சொல்லிவிடுவாள். கொலுசுக்கும் அடுத்த வருஷம். அந்த அடுத்த வருஷம் ஒன்றும் வந்ததில்லை. என் வீட்டில் இருந்துகொண்டே விருந்தாளி மாதிரி இருந்தாள், அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்டவள் முதல் தடவையாக ஒன்றைக் கேட்கிறாள். ஓட்டு என்றேன்.

ஓப்பன் கிளாஸுக்கு வீட்டுக் கார் ஆகாதாம். உருண்டால் கூரை நசுங்கக்கூடாது என்று உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்ட வேண்டும். ரேஸ் சீட்டு, தோளில் மாட்டுகிற பெல்ட்டு, தீயணைக்கிற சிலிண்டர் எல்லாம் வேண்டும். காசு இருக்கிறவர்கள் பெங்களூருக்கு அனுப்பி எஞ்சின் வரைக்கும் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். நம்மால் ஆகிறது கூண்டும் சீட்டும்தான், எஞ்சின் பழையதே இருக்கட்டும் என்றாள். ரேஸை விட்டுவிட்ட ஒருத்தரிடம் பழைய சீட்டு கிடைத்தது. அவர் தடித்த மனிதர் போல, இவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொரு பிள்ளையும் உட்காரலாம். இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு வெட்டி ஒட்டினாள்.

கூண்டு ஏறினால் கார் கனமாகிவிடும், அதனால் வேறு எங்கே குறைக்கலாமோ அங்கே குறைக்க வேண்டும் என்றாள். பின்சீட்டு போயிற்று. விரிப்பு போயிற்று. அடியில் சத்தம் கேட்காமல் இருக்கத் தார் மாதிரி ஒரு அட்டை ஒட்டியிருப்பார்களாம், அதையும் எடுக்க வேண்டும். அது லேசில் வராது. மண்டி மொஹல்லாவில் மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து அதன்மேல் பரப்பினாள். தார் குளிர்ந்து விறைத்ததும் சுத்தியால் தட்டினால் ஓட்டுச்சில்லு மாதிரி தெறித்து வரும். அவள் டியூட்டிக்குப் போன பிறகு நான் வாசலில் முக்காலி போட்டு, கதவைத் திறந்துவைத்து, கை எட்டுகிற வரைக்கும் தட்டிக்கொண்டிருந்தேன். தோள் செத்துப்போயிற்று. ஐஸில் இருந்த மீன் வாடை காரில் ஏறிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி மூக்கை மூடிக்கொண்டு, "ரேஸுக்குப் போகுதா, சந்தைக்குப் போகுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இந்த நேரத்தில்தான் என் மூத்த மகன் வந்தான். அவன் ஆபீஸ் உத்தியோகம், தனிக் குடித்தனம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவான். பின்சீட்டு இல்லாத காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஆம்புலன்ஸில் நர்ஸாகப் போகிறவள் இனிமேல் பேஷண்டாகப் போகப்போகிறாள் என்று முதலில் கேலிதான் பேசினான். அவளும் சிரித்தாள். சாப்பிட உட்கார்ந்த பிறகு அம்மா இனிமேல் பூசைக்கு எதில் போவாள், டாக்டரிடம் எதில் போவாள் என்று ஆரம்பித்தான். முன்சீட்டில் உட்காரலாம் என்று நான் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை, அவளைப் பார்த்துத்தான் பேசினான்.

"பெத்த பொண்ணா இருந்தா இப்படிச் செய்வாளா?"

குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டேன். எழுந்து போடா என்றேன். போனான், பாதிச் சாப்பாட்டில்.  அவள் அவன் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள்.

அந்த வாரம் கார் வெல்டிங் ஷெட்டில் இருந்தது. சந்துக்குள் சின்ன ஷெட். ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்கிறவர்தான், ஆனால் ரேஸ்காரர்கள் இரண்டு மூன்று பேருக்குக் கூண்டு கட்டியவர். என்னையும் வா என்று அழைத்துப்போனாள். ஏன் என்று கேட்கவில்லை, ஆட்டோவில் போனோம்.

கூண்டு முக்கால்வாசி முடிந்திருந்தது. பாக்கி இருந்தது கதவுப் பக்கத்துக் குழாய்கள். கதவைத் திறந்தால் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு குழாய் வரும், பக்கவாட்டில் எதுவும் மோதினால் தாங்குவதற்கு. டிரைவர் பக்கம் வைத்தாகிவிட்டது. நான் ஏற வேண்டிய இடது பக்கம் ஒரு பொட்டு வைத்துச் சும்மா ஒட்டி நிறுத்தியிருந்தார். அதைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்ய முடியுமா என்று இவள் கேட்டாள். முடியும், ஆனால் இரண்டு முனைக்கும் லேத்தில் தனியாக ஜாயிண்ட் கடைந்து போட வேண்டும், இல்லாவிட்டால் மைதானத்தில் செக் பண்ணுகிறவர் விடமாட்டார் என்றார் அவர். அதற்கு ஆகிற செலவு அவள் கையில் இல்லை. ரேஸும் பக்கத்தில் வந்துவிட்டது.

இவள் கொஞ்ச நேரம் அந்தக் குழாயைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம் கன்னடத்தில், இதோடு நிறுத்திவையுங்கள், மீதியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

அடுத்த வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தக் குழாய் எனக்கு ஒரு பொருட்டா, நான் தாண்டி உட்காருகிறேன் பார் என்றேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள், வெல்டிங்காரரும் அதையே கன்னடத்தில் "பேடா அஜ்ஜி" என்கிறார். நான் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கூரையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். அது வரைக்கும் சரி. இரண்டாவது கால் மேலே வரவில்லை. உள்ளே போன முழங்கால் மடங்கவில்லை. புடவைக் கொசுவம் குழாயில் இருந்த வெல்டிங் பிசிரில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. எதிரே டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். எழுபத்தெட்டு வயதில் நடுச் சந்தில் குழாய்மேல் குதிரை ஏறின மாதிரி நிற்கிறேன். யாரோ சிரித்தார்கள். தப்புச் சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

அவள் பின்னால் வந்து, என் அக்குளில் ஒரு கை, தொடைக்கு அடியில் ஒரு கை கொடுத்து, "மூச்ச விடும்மா" என்று சொல்லித் தூக்கிக் கீழே வைத்தாள். தினமும் நோயாளிகளைத் தூக்குகிற கை. கொசுவத்தைச் சரிசெய்துவிட்டாள். முகத்தைப் பார்த்தேன். அழுகிறாளோ என்று நினைத்தேன், இல்லை, அதைவிட மோசம். எல்லாம் முடிந்தது, சரி போகலாம் என்கிற முகம். டூருக்குப் போகாத பிள்ளையின் முகம்.

நான் வெல்டிங்காரரைப் பார்த்து, "ஹாகிபிடப்பா" என்றேன். போட்டுவிடப்பா என்று.

"அம்மா, அப்போ ஞாயித்துக்கிழமைக்கு?"

"ஆட்டோவுல வந்தா உள்ள விடமாட்டேன்னு சாமியார் சொன்னாரா?"

"அண்ணன் என்ன சொல்லுவான்?"

"அவன் சொல்றத அவன் பொண்டாட்டி கேக்கட்டும். பெத்த பொண்ணுங்க ரெண்டு பேரு இருக்காளுங்க, ஒருத்தி பூனாவுல, ஒருத்தி சேலத்துல. என்னைத் தூக்கி நிறுத்தினது எவ?"

 வெல்டிங்காரருக்கு நாங்கள் பேசின தமிழ் புரிந்ததோ என்னவோ, கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். நெருப்பைப் பார்க்கக்கூடாது என்று அவள் என் தலையைத் தன் தோள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன். கால் வலியில் உயிர் போயிற்று, சொல்லவில்லை.

தசரா கூட்டம் ஓய்ந்த பிறகு ரேஸ் நடந்தது. காரைச் செக் பண்ணுகிறவர் ஒவ்வொரு குழாயையும் தட்டிப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவள் ஆண்கள் வரிசையில் காரை நிறுத்தினாள். மைக்கில் பேரைச் சொன்னவன் மிஸ்டர் என்று சேர்த்துச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டான். முதல் தடவை ஒரு கூம்பை இடித்தாள், அதற்கு நேரம் கூட்டிவிட்டார்கள். இரண்டாவது தடவை எதையும் தொடாமல் வந்தாள். தூசி அடங்கின பிறகுதான் கார் நின்றது எனக்குத் தெரிந்தது.

போர்டில் கீழே இருந்து பார்த்தால் சீக்கிரம் கிடைத்துவிடுகிற இடத்தில் அவள் பேர் இருந்தது. போன வருஷம் விரல் வைத்துக் காட்டின இடத்துக்கு ரொம்பக் கீழே. நாங்கள் தட்டி எடுத்த தாரைவிட ஏற்றின குழாய்தான் கனம், எஞ்சினோ அதே பழைய எஞ்சின், இழுக்கவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள், முகம் பூரா செம்மண். அவளுக்குக் கீழே மூன்று ஆம்பிளைகள் இருந்தார்கள். அதில் ஒருவர் வந்து கைகொடுத்துவிட்டு, எந்த வளைவில் எந்த கியர் போட்டீர்கள் என்று கேட்டார். அவளும் விவரமாகச் சொன்னாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேசி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. இவள் வெளி ஆளிடம் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

இப்போது நான் ஆட்டோவில்தான் பூசைக்குப் போகிறேன். ஏறுவதும் இறங்குவதும் பெரும் பாடு, ஒவ்வொரு பள்ளமும் முழங்காலில் வந்து குத்துகிறது. கூண்டு கட்டின காரைத் தினமும் ஓட்டுவது கஷ்டம் என்று அவள் வேலைக்குப் போக வர ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை என் ஆட்டோவுக்குப் பின்னாலேயே அதில் வருவாள், கோயில் வாசலில் எனக்கு முன்னால் இறங்கி நின்று கை கொடுப்பாள். சில வாரம் வலி அதிகமாக இருந்தால் ராத்திரி தூங்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன். மூத்தவன் வருகிறான், சாப்பிடுகிறான், காரைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. நான் ஏறுவதற்காக லேத்தில் அந்த ஜாயிண்டைக் கடைந்து போட இவள் மறுபடியும் மிச்சம் பிடிக்கிறாள் என்று தெரிகிறது. அதை வேண்டாம் என்று சொல்லி எஞ்சினுக்குப் போடச் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை, உடம்பு அலுத்துப்போய்க் கிடக்கிறது.

இதை அவள் ஒரு நாள் படிப்பாள். அதனால்தான் பயம். மூத்தவனுடைய மகள் இப்போது பக்கத்தில் இருக்கிறாள், கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அது நல்லதுதான், மெதுவாகக் கேட்கலாம்.

இந்தா கண்ணு, இதை முதலில் இருந்து வாசி. ஆட்டோவையும் முழங்காலையும் பற்றி எழுதின இடம் வரும்போது உன் அத்தை காதால் கேள். புலம்புகிற மாதிரி இருந்தால் சொல்லு, கோடு போட்டு அடித்துவிடுகிறேன்.