அழிக்கச் சொன்ன பெயர்

ரூத்தம்மா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டியவரைப் பற்றி எழுதித் தரும்படி, நம் காஜா பெராங் ஊர் ஜெபக்கூட்டத்தாராகிய நீங்கள் என்னைக் கேட்டீர்கள். என் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான் என்பதுதான் காரணம். கூட்டத்தில் வாய் திறக்காதவள் நான். ஆனால் எழுத்தில் எனக்குப் பொய் வராது.

ஜப்பானியர் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் அண்ணன் டேவிட்டைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேதாகமத்தில், பள்ளத்தாக்கில் உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்று எழும் தீர்க்கதரிசனத்துக்குப் பக்கத்தில் அம்மா பென்சிலால் அவன் பெயரை எழுதிவைத்தார். உங்களில் பலரும் உங்கள் வீட்டு ஆட்களின் பெயரை அப்படி எழுதியிருந்தீர்கள்.

ஒரு வியாழக்கிழமைக் கூட்டத்தில் ரூத்தம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன தபாலாபீசா, பேரு எழுதி வைக்க? அந்தப் பள்ளத்தாக்கு சயாம்ல இல்ல மேரி, உன் நெஞ்சுக்குள்ள இருக்கு. அங்க செத்துக் கெடக்கிறதுதான் எழும்பணும்."

"அப்ப டேவிட் வரமாட்டானாம்மா?" என்றார் அம்மா.

"அத நான் சொல்லல. வேதமும் சொல்லல." என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணுதானே, ரப்பர் வெச்சிருப்ப. அழிச்சிடு."

அழித்தேன். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்லக் கூச்சம்.

சில வாரங்களில் அம்மாவின் அழுகை நின்றது. துணி கிடைக்காமல் பலர் கோணிச்சாக்கு உடுத்திய காலத்தில், அண்ணனின் இரண்டு சட்டைகளையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். "பாத்தீங்களா, எலும்பு எழுந்திரிச்சிருச்சு!" என்றார் ரூத்தம்மா. நீங்கள் ஆமென் சொன்னீர்கள். அம்மா வாசலைப் பார்ப்பதையே விட்டுவிட்டதை நான் மட்டும் கவனித்தேன்.

ஜப்பானியர் போன பிறகு அண்ணன் வந்தான். எலும்பும் தோலுமாய், இடுப்பில் ஒரு கிழிசலோடு நின்றான்.

"யாருங்க வேணும்?" என்று கேட்டார் அம்மா.

அந்த ஒரு கேள்விக்காக ரூத்தம்மாவை நான் மன்னிக்கவில்லை. இன்றும் இல்லை.

அன்று மாலை அவர் வந்தார். தம்மிடம் இருந்த இரண்டு வெள்ளைப் புடவைகளில் ஒன்றைப் பாதியாகக் கிழித்து அண்ணனுக்குச் சுற்றிவிட்டார்.

"இப்பவும் நெஞ்சுக்குள்ளதானா?" என்று கேட்டேன். அவரை எதிர்த்து நான் கேட்ட ஒரே கேள்வி.

"நான் படிச்சுச் சொன்னது சரிதான். உங்கம்மா கையிலேர்ந்து பேரப் புடுங்கினது தப்பு."

மன்னிப்புக் கேட்கவில்லை. மீதிப் பாதியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்ன பொருளிலேயே அந்தத் தீர்க்கதரிசனப் பகுதியைப் பிறகு தனியாக வாசித்தேன். எனக்குள் செத்துக் கிடந்தது என் வாய். அவர்மேல் வந்த கோபத்தில்தான் அது எழுந்தது. இதைக் கேட்டால் அவர் சந்தோஷப்படுவார் என்பதும் எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

அந்தப் பாதிப் புடவை என்னிடம் இருக்கிறது. அம்மாவின் வேதாகமமும் இருக்கிறது. அழித்த இடத்தில் அண்ணன் பெயரை மையால் எழுதியிருக்கிறேன். அதன் கீழே, நேற்று, ரூத்தம்மாவின் பெயர். பென்சிலால்.