ரங்கன் மாமா பட்டாளத்துக்கு அனுப்பிய வலை

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் கஷ்டமான வேலை எதுவென்று கேட்டால், ரங்கன் மாமாவை எழுப்புவது என்றுதான் சொல்வேன். இருட்டு விலகுவதற்கு முன்னால் கடலுக்குப் போவார். வந்ததும் மீனைப் பொண்டாட்டி தேசம்மா அத்தையின் கூடையில் கொட்டிவிட்டுப் படகு நிழலில் சாய்வார். அவ்வளவுதான். ஒரு தடவை குப்பத்துப் பசங்கள் நாங்கள் அவர் கால் கட்டைவிரலில் உயிர் நண்டு ஒன்றைக் கட்டிவிட்டோம். கடைசியில் நண்டுதான் களைத்துப் போனது. கண்ணைத் திறந்தவர் அதைப் பார்த்து, "இன்னாடா, உனக்கும் வேற வேலை இல்லியா?" என்று கேட்டு அவிழ்த்துவிட்டார். எங்களைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேணுமே.

வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வலது தோள் பாதிக்கு மேல் தூக்காது. வலையை இடது கையால் இழுத்து இழுத்து அந்தப் பக்கம் மட்டும் பயில்வான் மாதிரி இருப்பார். ஒரே பையன் கிஷோர். கடல் வேணாம் என்று பட்டாளத்துக்குப் போனவன். அவன் போன அன்றைக்கு மாமா சொன்னது இரண்டு வார்த்தை: "போய்ட்டு வா." மறுபடி தூங்கப் போய்விட்டார்.

இந்தக் கோடையில் கிஷோர் லீவில் வந்திருந்தான். அத்தை சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் போன் டொய்ங் என்றது. அபாயச் சங்கு ஊதவில்லை, பட்டாளத்து வண்டி வரவில்லை. ரீசார்ஜ் முடியப்போகிறது என்று ஒரு மெசேஜ் வருமே, அந்த மாதிரிதான் வந்தது. வடக்கே எல்லையில் சண்டை மூளுகிறதாம். லீவு ரத்து, உடனே கிளம்பணுமாம். மீன் குழம்பு கொதிக்கும்வரைகூட அவன் இருக்கவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு பழக்கம். கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போறே என்று யாரும் கேட்க மாட்டோம். அன்றைக்கும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். ஆட்டோக்காரர் மட்டும், "எங்கப்பா போவணும்?" என்று கேட்டார். தேசம்மா அத்தை முறைத்த முறைப்பில் அவர் மீட்டரைப் போட மறந்துவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து கிஷோரிடமிருந்து போன் வந்தது. மாமா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். காதில் வைத்தால் கை வலிக்குமாம். அதனால் அவர் வீட்டு விஷயம் எல்லாம் எங்களுக்கும் தெரியும்.

"நைனா, வூட்ல பழைய வலை ஏதாச்சும் கீதா?"

"எதுக்குடா? அங்க ஏரி கீதா?"

"மீனுக்கு இல்ல நைனா. ட்ரோனுக்கு."

"கல்யாணத்துல தலைக்கு மேல சுத்திகினு படம் புடிக்குமே, அதுவா?"

"அதேதான். இது படம் புடிக்க வரல. குண்டு எடுத்துகினு வருது. நாங்க இருக்கிற பள்ளத்துக்கு மேல வலை கட்டிட்டா அதுல சிக்கிக்கும். இருக்கிற வலை பத்தல. கடலோரத்துப் பசங்க எல்லாம் ஊருக்குப் போன் பண்ணிகினு கீறோம்."

"எவ்ளோ பெருசுடா அது?"

"ஒரு திருக்கை மீனு சைஸுன்னு வெச்சுக்கோ."

"வால் இருக்குமா?"

"இல்ல நைனா. பழசு போதும், கேட்டுச்சா? பழசு."

கேட்டது. ஆனால் மாமாவுக்கு மனசு வரவில்லை. குப்பத்தில் ஒரு வீட்டுக்கு வலை கொடுத்தால் நல்லதாகக் கொடுக்கணும். கிழிந்தது கோழிக்கூண்டுக்கும், கருவாட்டு மேல் காக்கா உட்காராமல் மூடுவதற்கும்தான்.

"பையன் சண்டைக்கு நிக்கறான். ஓட்டை வலையை அனுப்பச் சொல்றியா?"

"அவன்தான்யா பழசுன்னான்," என்றாள் அத்தை.

"கூச்சத்துல சொல்றான். உனுக்குத் தெரியாது."

இந்த சீசனுக்கென்று வாங்கிய நரம்பு வலை ஒன்று தண்ணீரே படாமல் இருந்தது. கண்ணாடி மாதிரி நூல். அதை எல்லையம்மன் கோயிலுக்கு எடுத்துப் போய், முனையில் மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, அடையாறு போஸ்ட் ஆபீஸுக்குத் தூக்கிப் போனார். கூட நாங்கள். கவுண்டரில் ஸ்ரீவத்சன் என்று ஒரு பெரியவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"உள்ள என்ன?"

"வலை சார்."

"பட்டாளத்துக்கா? அங்க என்ன மீன் பிடிக்கறாளா?"

"ட்ரோன் புடிக்கறாங்க சார்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மாமா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "நன்னா கட்டுங்கோ. வழில பிரிஞ்சுடப் போறது," என்று இன்னொரு சாக்கை எடுத்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் கிஷோரின் போன் அணைந்தே கிடந்தது. மாமா பழைய வலையோடு கடலுக்குப் போனார். பாதி மீன் கிழிசல் வழியாகத் திரும்பிப் போனது.

ஒரு நாள் சாயங்காலம் பெசன்ட் நகர் மணலில் கல்யாண ஜோடி ஒன்று கையைக் கோத்துக்கொண்டு ஓடியது. தலைக்கு மேல் ட்ரோன் ஒன்று ஙொய்ங்கென்று கூடவே வந்தது. படகு நிழலில் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நண்டு கடித்தும் எழுந்திருக்காத மனுஷன். நேராக அதை ஓட்டிய பையனிடம் போனார்.

"தம்பி, இத்த எவ்ளோ தூரத்துலேந்து ஓட்டலாம்?"

"நாலஞ்சு கிலோமீட்டர் போகும்ணா."

"கீழ கீறவனுக்கு ஓட்டறவன் மூஞ்சி தெரியாதில்ல?"

"அவருக்கு எதுக்குண்ணா என் மூஞ்சி?"

மாமா தலையாட்டிவிட்டு வந்தார். அது தரை இறங்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து பகலில் தூங்குவதை விட்டுவிட்டார். எங்களுக்கு நண்டு கட்டிவிட ஒரு கால் குறைந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் கிஷோர் பேசினான்.

"வலை வந்துச்சு நைனா. ஏன் புதுசு அனுப்புன?"

"நல்லா கீதா?"

"வெயில் பட்டா மின்னுது. எங்க இருக்கோம்னு நாங்களே லைட்டு போட்டுக் காட்டுன மாதிரி ஆயிடுச்சு. சாரு இறக்கச் சொல்லிட்டாரு. இப்ப மேல ஒண்ணுமே இல்ல."

மாமா போனையே பார்த்தார். "தண்ணிக்குள்ள போட்டா அது மீன் கண்ணுக்கே தெரியாதுடா," என்றார் மெதுவாக.

"இங்க தண்ணி இல்லியே நைனா."

அத்தை 'நான்தான் சொன்னேனே' என்று ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தோம். ஆரம்பிக்கவில்லை. எழுந்து புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "வா, கேட்டுப் பார்க்கலாம்," என்றாள்.

ரங்கன் மாமா யாரிடமும் எதுவும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்கு வீடு வீடாகப் போய்க் கிழிந்த வலை கேட்டார். கேட்கும்போது ஆளைப் பார்க்கவில்லை, வாசல்படியைப் பார்த்தார். ரோஸி அக்கா கருவாட்டை மூடியிருந்ததை உருவிக் கொடுத்தாள். "காக்கா தின்னா தின்னுட்டுப் போவுது மாமா." ஒருவர் பரணில் இருந்து பழைய திருக்கை வலையை இறக்கினார். தடிமனான நூல், வெயிலில் வெளுத்து மண் கலராகி இருந்தது. நாங்கள் வாலிபால் வலையைக் கழற்றினோம். ஒரு கோழிக்கூண்டு வலையையும் கேட்காமல் கழற்றிவிட்டோம். கோழிகள் பெசன்ட் நகரில் வாக்கிங் போகிறவர்களோடு சேர்ந்து நடந்தன.

குவியலைப் பார்த்த மாமா வலை ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியே அனுப்புய்யா, நேரமாவுது," என்றாள் அத்தை.

"ஓட்டை வழியா வந்துச்சுன்னா?"

அத்தை நூல் கண்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். அவரால் தோளைத் தூக்க முடியாததால் வலையை நாங்கள் இழுத்துப் பிடித்தோம், அவர் முடிச்சுப் போட்டார். திருக்கை எவ்வளவு அகலமோ அதற்கும் சின்னதாக ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்தார். நூல் தீர்ந்தபோது அத்தை ஓடிப் போய்க் கடன் வாங்கி வந்தாள். பாதியில் கண்ணை மூடிவிட்டு மறுபடி திறந்தார். தூங்கச் சொன்னால் கேட்கவில்லை. கற்பூரம் காட்ட நேரமில்லை. மீன் வாடையோடு அப்படியே சாக்கில் அடைத்து எடுத்துப் போனோம். ஸ்ரீவத்சன் சார் எதுவும் கேட்கவில்லை. முத்திரையைக் குத்தி மேலே வைத்தார்.

ரொம்ப நாள் கழித்துத்தான் போன் வந்தது. குப்பமே மாமா வீட்டு வாசலில் நின்றது.

"கட்டியாச்சு நைனா. நல்லா கீது. எல்லாரும் வாடை வாடைன்னு திட்டிகினு கீறானுங்க."

கரைக்கு வருகிற எந்தப் படகைப் பார்த்தாலும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். மாமாவும் பழக்கத்தில் அதையே கேட்டுவிட்டார்.

"ஏதாச்சும் மாட்டிச்சா?"

"ஒண்ணு மாட்டிச்சு நைனா. முந்தாநாள்."

எங்களில் ரெண்டு பேர் விசில் அடித்துவிட்டோம். மாமா திரும்பிப் பார்த்தார். விசில் நின்றது. அவர் தரையில் உட்கார்ந்தார்.

"எங்கடா மாட்டிச்சு?"

"என் தலைக்கு நேரா."

அத்தை போனைப் பிடுங்கிச் சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்க ஆரம்பித்தாள். மாமா தரையைத் தடவிக்கொண்டே இருந்தார். முடிச்சுப் போட்டு வெட்டுப்பட்ட விரல்கள் இன்னும் ஆறவில்லை.

சண்டை நின்றுவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். கிஷோர் இன்னும் அங்கேதான் இருக்கிறான். ட்ரோன் டிவி பாக்கறதில்ல நைனா, நினைச்சா வருது என்கிறான். மாமா இப்போதும் முதல் கேள்வியாக, ஏதாச்சும் மாட்டிச்சா என்றுதான் கேட்கிறார். பதில் வரும்வரை மூச்சு விடுவதில்லை.

"இல்ல நைனா. காலி வலைதான்."

"நல்லது," என்கிறார். போனை வைத்துவிட்டுப் படகு நிழலுக்குப் போய்ச் சாய்கிறார். நாங்களும் அந்தப் பக்கம் போகாமல், கொஞ்ச நேரம் அவரைத் தூங்க விடுகிறோம்.