அலவாங்கு என்றவருக்கு மறதி இல்லை

மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது தொலைபேசியில் சாவுச் செய்தி வந்தது. "செசிலியா அக்கா மோசம் போயிட்டா." பையை அங்கேயே வைத்துவிட்டேன். மூளைப் படம் எடுக்கும் பிரிவில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு என் நிலை விளங்கும். ஆனாலும் அழும்போதே நெஞ்சு நிமிர்கிறது. அக்கா வென்றுவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அக்கா எடுக்கும் படங்களை அளந்து, மறதிநோய் தொடங்கிய மூளை எதுவென்று சொல்லும் கணினி நிரலை எழுதியவன் நான். குருநகர்க் கடற்றொழிலாளி அந்தோனி அண்ணையின் மூளையில் தேய்வில்லை என்றது என் நிரல். அவருக்கு மறதிநோய் என்றது நினைவுச் சோதனை. அது வெளியூரில் தயாரித்த சோதனை. விடைகளையும் கணினியே திருத்தும். பிழை என்னுடையதுதான் என்று நம்பி நிரலை மாற்றத் தொடங்கினேன். அதற்குள் அண்ணையின் மகன்மார் வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றி வைத்து, மனிதரை வீட்டோடு இருத்திவிட்டார்கள்.

அக்காவுக்குச் சினம் ஏறியது. "ஏன் தம்பி உந்த நிரலை மாத்துறீர்? படம் வடிவாத்தானே கிடக்கு. அந்தச் சோதனைத் தாளைத் தாரும், பாப்பம்."

வாங்கி உரத்து வாசித்தார். நாற்காலிப் படத்துக்கு அண்ணை சொன்ன விடை கதிரை. பிழை. காலணிக்குச் சப்பாத்து. பிழை. கடப்பாரைக்கு அலவாங்கு. அதுவும் பிழை. பிறந்த நாள்முதல் கதிரையில் இருக்கிற எனக்கே அது கண்ணில் படவில்லை. நிரலில் செய்த மாற்றங்களை அழித்தேன்.

"மனுசன் ஒண்டையும் மறக்கேல்லை. எங்கடை தமிழைத்தான் கதைச்சிருக்கிறார்," என்றார் அக்கா.

அன்றே எங்கள் சொற்களைச் சேர்த்துச் சரியான விடைப் பட்டியலை எழுதினார். அண்ணையை மருத்துவர் மறுபடி சோதித்து, நோயில்லை என்று கையெழுத்திட்டார். அக்கா அதோடு விடவில்லை. பழைய தாள்களையும் கிளறவைத்தார். வீணாக நோயாளியாக்கப்பட்ட இன்னும் சிலர் வெளியே வந்தார்கள். உண்மையில் நோய் தொடங்கியவர்களை நிரல் சரியாகவே பிடித்திருந்தது. அன்று அக்கா எல்லாருக்கும் சாப்பிட றோல்ஸ் வாங்கித் தந்தார்.

அடக்கத்துக்கு அந்தோனி அண்ணையும் வந்திருந்தார். "நாளைக்கும் தொழிலுக்குப் போறன் தம்பி. என்னைத் திரும்பக் கடலுக்கு விட்டது இவதான்," என்றார்.

இப்போதெல்லாம் கணினி பிழை போட்ட ஒவ்வொரு விடையையும் ஒருமுறை வாய்விட்டு வாசிக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது. அப்படி வாசித்ததில் நேற்றும் ஒருவர் நோயில்லாமல் வீடு திரும்பினார்.