கோமதி தேடிய பனியடுக்கு

பாண்டி பஜாரில் பேருந்துக்காக நின்றிருந்தபோது கோமதியின் தம்பி முருகன் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, எங்கக்கா போயிட்டாங்க" என்றார். பேருந்து வந்தது. ஏறாமல் நின்றேன்.

இங்கே அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களில் பலர் கோமதியைத் தி.நகர் துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண்ணாக அறிவீர்கள். அடையாறு ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் அண்டார்டிகாவிலிருந்து வந்த பனியின் வயதைத் தேடிக்கொண்டிருந்தோம். உலகில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்த காலத்தில் விழுந்த பனியில் கதிரியக்கம் இம்மியளவு கூடியிருக்கும். அந்த அடுக்கு கிடைத்தால், அதற்குமேல் உள்ள பனி சேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்று சொல்லிவிடலாம். கதிரியக்கத்தை அளக்கும் கருவி சற்றே கூடுதலாக எண்ணினாலும், "அது பனியா, நாமளான்னு முதல்ல பாரு" என்பார் கோமதி.

ஒரு பிற்பகல் கருவி தாறுமாறாக எண்ணத் தொடங்கியது. மாதிரியை எடுத்துவிட்டு வெறும் தட்டை வைத்தேன். குறையவில்லை. அப்படியானால் பனி காரணமில்லை. விடுப்பு முடிந்து அப்போதுதான் உள்ளே வந்திருந்த கோமதி திரையைப் பார்த்தார். நடைவழியின் கடைசிவரை போனார். எண்ணிக்கை இறங்கியது. திரும்பி வந்தார். ஏறியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான்" என்றார். "காலைல ஸ்கேன் எடுத்தாங்க. அதுக்கு ஊசியில கதிரியக்க மருந்து ஏத்துனாங்க."

"எதுக்குடி ஸ்கேன்?"

"மார்ல இருக்கிற கட்டி எலும்புக்குப் பரவியிருக்கான்னு பாக்க."

வீட்டில்கூட அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நான் எழுந்து அருகே போனேன். "இன்னிக்குக் கிட்ட வராதடி" என்று கையை நீட்டித் தடுத்தார். கேட்கவில்லை. கட்டிக்கொண்டு அழுதேன்.

நாங்கள் தேடிய பனியடுக்கு கடைசியில் கிடைத்தபோது கோமதி மயிலாப்பூர் வீட்டில் படுக்கையில் இருந்தார். கருவியின் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். தாளைப் பிடிக்க அவர் கையில் வலுவில்லை. நான் பிடித்துக் காட்டினேன். தாளின் நடுவே எழுந்து நின்ற ஒற்றை முகட்டை விரலால் தடவினார்.

"வெறும் தட்டு வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். திரும்பவும் பாத்தேன்."

"அப்ப சரி. நானும் அங்க இல்லையே. பனியேதான்" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அதன்பின் அவர் குரலை நான் கேட்கவில்லை. அவரை அறிந்த நீங்கள் ஆளுக்கொரு நினைவை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அந்தச் சிரிப்பு. அன்று அதைக் கேட்டு, பக்கத்து அறையிலிருந்த அவருடைய அம்மா என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். மகள் சிரிப்பதைப் பார்த்ததும் உள்ளே வராமல், கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.