ஒயர் கழன்றால் கத்தும்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் காளையைப் பிடித்துக் கட்டும்போதெல்லாம் நான் வண்டிக்கு அடியில்தான் இருப்பேன். வேலையும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. கோவை கணபதியில் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் மில் மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பேனல் செய்துகொண்டிருந்தேன். மூன்று லைனில் ஒன்றில் கரண்ட் போனால் மோட்டார் எரியாமல் நிற்க வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் நிற்க வேண்டும். ஒயர் கழன்றால் ஹூட்டர் கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும். எது எப்போது கெட்டுப்போகும் என்று உட்கார்ந்து யோசிக்கிற வேலை. பயந்தவனுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

பாலிடெக்னிக்கில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த நண்பர் போத்தனூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரே வயதுதான், ஆனாலும் எங்களுக்குள் நீங்க, வாங்கதான். எங்கள் ஊரில் அப்படித்தான் பழக்கம். தொண்ணூற்றாறில் நான் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். அவர் எங்கிருந்தோ ஒரு விளையாட்டை சிடியில் கொண்டுவந்து போட்டார். அதோடு இரண்டு பேருடைய ஞாயிற்றுக்கிழமைகளும் போயின.

கறுப்புத் திரையில் விண்கலம் ஓட்டுகிற விளையாட்டு அது. வேகத்துக்கு ஒரு கீ, சக்கரம் இறக்க ஒரு கீ, குறி வைக்க ஒன்று, சுட ஒன்று என்று கீபோர்டு முழுக்க வேலை இருக்கும். எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் நம் கலம் தூளாகிவிடும். ஒருநாள் தொடர்ந்து நான்கைந்து முறை வெடித்த பிறகு அவர் கீபோர்டைத் தள்ளி வைத்தார்.

“ஏனுங்க, மில்லுக்குச் செய்யறீங்க. இதுக்கு ஒரு பேனல் செஞ்சுபோட்டா என்னங்க?”

செய்தோம். செத்துப்போன ஒரு கீபோர்டைப் பிரித்து, அதன் சர்க்யூட் அட்டையில் அவர் முடி மாதிரி ஒயர்களைப் பற்றவைத்தார். அந்தப் பக்கம் நான் போகவே மாட்டேன், எனக்கு அது புரியவும் புரியாது. தகரப் பெட்டி, பட்டன், சுவிட்சு, எழுத்து வெட்டிய பெயர்த் தகடு எல்லாம் என் பங்கு. மில்லில் செய்வதுபோலவே தனித்தனிப் பெட்டிகளாகச் செய்தோம். வேகத்துக்கு ஒன்று, ஆயுதத்துக்கு ஒன்று, தரையிறங்க ஒன்று. எதை எதோடு வேண்டுமானாலும் சேர்த்து மாட்டிக்கொள்ளலாம். பெட்டிக்குப் பெட்டி ஒரு ஒயர், அதன் முனையில் ஒரு கனெக்டர், அவ்வளவுதான்.

நான் இரண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தேன். கலம் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன் பத்து, ஒன்பது, எட்டு என்று பின்னோக்கி எண்ணும். அந்த எண்கள் தனிப் பெட்டியில் சிவப்பாக எரிய வேண்டும் என்றேன். திரையிலேயே தெரிகிறதே என்று அவர் சொல்லிப் பார்த்துவிட்டு, செய்து கொடுத்தார். அடுத்தது, ஹூட்டர். எந்தப் பெட்டியின் ஒயர் கழன்றாலும் பீ என்று கத்த வேண்டும்.

“விளையாட்டுச் சாமானுக்கு எதுக்குங்க ஹூட்டரு?” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஒயர் கழண்டாத் தெரிய வேண்டாமுங்களா?” என்றேன். பேட்டரியை உள்ளே வைத்து நான்கு திருகாணி போட்டு மூடினேன். கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும் கத்தும். எனக்கு அதில் தனிப் பெருமை.

அவர் முஸ்லிம். இதை இவ்வளவு நேரம் எழுதவில்லை, எழுதும் அவசியமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அவர் கடை சாத்தியிருக்கும், அன்றைக்குப் போனால் வாசலில் காத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வேலைக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் நகரத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு எதை எழுதினாலும் முதல் வரியில் அதைச் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

அப்போது பெட்டிகள் எல்லாமே அவர் வீட்டில் இருந்தன. எண்கள் ஓடுவதில் ஏதோ கோளாறு என்று பார்க்க எடுத்துப் போயிருந்தார்.

கடைகள் திறக்க ஆரம்பித்த சில நாளில் கம்பெனிக்குப் போன் வந்தது. அவர் வழக்கமாக நலம் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்க மாட்டார். அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“எங்க தெருவுல போலீசு ஊடு ஊடாப் பார்த்துட்டு வாராங்க. அந்தச் சாமானம் இங்க இருக்குதுங்க.”

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் தெரிந்தது. தகரப் பெட்டி. கத்தை கத்தையாக ஒயர். சிவப்புப் பட்டனுக்கு மேலே என் கையால் பொருத்திய ‘ஃபயர்’ என்ற தகடு. பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிற டைமர். அவர் வீட்டு அலமாரியில் இதைப் பார்க்கிறவரிடம் விண்கலம், விளையாட்டு என்று சொன்னால் நம்புவார்களா? நானே நம்ப மாட்டேன்.

“உடைச்சுப் போட்டுருங்க,” என்றேன்.

“உடைச்சு எங்கீங்க போடறது? என்னால இதை எடுத்துட்டு வெளிய வர முடியாதுங்க.”

வாரேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். வயிறு சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய்யும் இல்லை.

போத்தனூரில் அவர் தெருவில் ஒரு வீட்டு வாசலிலும் ஆள் இல்லை. கதவைத் தட்டியதும் உடனே திறக்கவில்லை. நான் பேர் சொன்ன பிறகுதான் அவர் மனைவி பாதிக் கதவைத் திறந்தார். பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டியபடியே ஒரு ரெக்சின் பையில் வைத்திருந்தார்கள். கழற்றினால் கத்துமே.

“பேட்டரியை எடுத்துரலாமுங்க,” என்றேன்.

நண்பர் ஸ்குரூடிரைவரை எடுத்தார். இரண்டாவது திருகாணி கழலும்போது தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. அவர் கை அப்படியே நின்றது. ஜீப் அடுத்த தெருவுக்குள் போனது. இனி உட்கார நேரமில்லை என்று பையை மூடினோம். அவர் மனைவி சமையலறையிலிருந்து நாலு முருங்கைக்காய் கொண்டுவந்து மேலே செருகினார்.

“அண்ணா, பாத்துப் போங்கண்ணா,” என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். உக்கடம் போகும் வரை எத்தனை இடத்தில் நிறுத்திப் பார்ப்பார்களோ தெரியாது. பிடித்தால் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். நான்தானுங்க செஞ்சேன். முழுசும் நான்தான். சரி, உள்ளே இந்த அட்டை எப்படி வேலை செய்கிறது, சொல்லு என்பார்கள். அங்கே நான் மாட்டிக்கொள்வேன். இதை யார் செஞ்சது என்று அடுத்த கேள்வி வரும். நான் அடி தாங்குகிற ஆள் இல்லை. வாத்தியார் பிரம்பை எடுத்தாலே பக்கத்துப் பையன் செய்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறவன். என் வாயிலிருந்து ஒரு பேர் விழுந்தால் போதும், அந்தப் பாதிக் கதவை முழுதாகத் திறந்துவிடுவார்கள். அவரைக் கூட்டிப்போனால் எப்போது திரும்பி வருவார், வருவாரா என்று யாராலும் சொல்ல முடியாத நேரம் அது.

ஆத்துப்பாலத்துக்குச் சற்று முன்னால் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடியில் பை துள்ளியது.

பீ என்று கத்த ஆரம்பித்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து ஓடினார். ஒரு அம்மாள் குழந்தையை ஜன்னல் வழியாக வெளியே நீட்டினார். பஸ் நிற்பதற்குள் பின்வாசலில் பாதிப் பேர் குதித்துவிட்டார்கள். நான் மட்டும் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்லீங்க, ஒயர் கழண்டுருச்சுங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பையின் சத்தம் நன்றாகக் கேட்டது. நல்ல ஹூட்டராகப் பார்த்து வாங்கியிருந்தேன்.

எதிரிலேயே செக்போஸ்ட். கண்டக்டர் ஓடிப்போய்ச் சொன்னார்.

“டேய், எறங்குடா. பையை அங்க வை. தள்ளி நில்லு. கையைத் தூக்கு.”

செய்தேன். பை ரோட்டோரம் தனியாக உட்கார்ந்து கத்தியது. அதைச் சுற்றி ஒரு ஈ காக்கா இல்லை. அதிகாரி ஒருவர் மரத்துக்குப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார்.

“பேரென்னடா?”

சொன்னேன்.

“அப்பன் பேரு?”

அதையும் சொன்னேன். அவர் இரண்டடி முன்னால் வந்தார்.

“எந்த ஊரு?”

“காங்கேயமுங்க சார்.” ஊரையும் தோட்டத்தையும் சொன்னேன். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார்.

“என்ன கூட்டம்?”

எனக்கு உயிரே போய்விட்டது. இதோ வந்துவிட்டது, எந்தக் கும்பல் என்று கேட்கிறார். யாரோடு சேர்ந்து செய்தாய் என்பதுதான் அடுத்தது.

“நான் எந்தக் கூட்டத்துலயும் இல்லீங்க சார். சத்தியமா இல்லீங்க. நான் தனியா வந்தேனுங்க.”

அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

“அட, குலம் என்னன்னு கேட்டேனுங்க. பயந்துபோட்டீங்களா?”

எங்கள் பக்கம் குலத்தைக் கூட்டம் என்றுதான் சொல்வோம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும் முன்பே கேட்டுவிடுகிற கேள்வி. பிறந்ததிலிருந்து ஆயிரம் முறை பதில் சொன்ன கேள்வி எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. கூட்டத்தின் பேரைச் சொன்னேன். அதிகாரியின் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு மைல்தானாம்.

“அது என்னங்க பையில?”

“கம்ப்யூட்டர் சாமானுங்க. ஒயர் கழண்டாக் கத்துங்க.”

“மொதல்ல நிறுத்துங்க, காது கிழியுது.”

முருங்கைக்காய்களுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். கழன்ற முனை கிடைத்தது. அழுத்தினேன். சத்தம் நின்றது. ஒரு கான்ஸ்டபிள் லத்தியை நீட்டிப் பையின் வாயை விலக்கப் போனார்.

“உடுங்க, நம்ம பையன்தான்,” என்றார் அதிகாரி. பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு டீ சொன்னார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அடுத்த பஸ்ஸை அவரே கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போத்தனூர் போனேன். அவர் தெருவில் போலீசார் தேடிவிட்டுப் போயிருந்தார்கள், அவர் வீட்டில் எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். நடந்ததை நடித்தே காட்டினேன். அதிகாரியின் குரலில் பேசினேன், குழந்தையை நீட்டிய அம்மாளாக நின்றேன், “நான் எந்தக் கூட்டத்துலயும் இல்லீங்க” என்று கையைத் தூக்கினேன். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நண்பர் சிரிக்கவில்லை.

“பையைத் திறக்கவே இல்லீங்களா?”

“இல்லீங்க. ஒரு முருங்கைக்காயைக்கூட எடுத்துப் பாக்கலை.”

“யாரு செஞ்சதுன்னு கேட்டாங்களா?”

“அதெல்லாம் கேக்கவே இல்லீங்க.”

“கேட்டிருந்தா?”

சொல்லியிருக்க மாட்டேனுங்க என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. நடுவில் கொஞ்சம் நேரம் போய்விட்டது. அவர் மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“சரிங்க,” என்றார் நண்பர்.