திருத்தச் சொல்லி நின்றவள்

நாகர்கோவிலிலிருந்து வந்த காலை ரயிலைவிட்டுத் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஷைனி கைப்பேசியில் கூப்பிட்டாள். பிளாட்பாரத்து அறிவிப்புச் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. "அக்கா, ஒரு ஓரமாப் போயி நில்லுங்க. பொறவு சொல்லுதேன்" என்றாள். அந்த நிதானத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கோமதி விடியும்போது, கரமனையில் தன் வீட்டிலேயே போய்விட்டாள். தூக்கத்தில்தான் என்று அவள் கணவர் சங்கரன் சொன்னாராம். கையிலிருந்த பையோடு அப்படியே ஆட்டோ பிடித்துப் போனேன்.

இதைப் படிக்கிறவர்களில் ஒரு சாரார் எங்கள் அலுவலகத்துக்காரர்கள். மற்றவர்கள் சாஸ்தமங்கலத்தில் ஷைனியின் உடற்பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்கள். முதல் சாராருக்குத் தெரிந்த கோமதியை இரண்டாவது சாரார் பார்த்ததில்லை. இரண்டு இடத்திலும் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். எங்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது. 'அவர்' என்று எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. அவள் என்றே எழுதுகிறேன்.

கட்டட வடிவமைப்பு அலுவலகம் எங்களுடையது. நான் செலவு மதிப்பீடு பார்க்கிறவள். கோமதி, வரைபடங்களைச் சரிபார்க்கிறவள். யார் வரைந்தாலும் அவள் கண்ணைத் தாண்டித்தான் வேலை நடக்கும் இடத்துக்குப் போகும். திரையில் பார்த்தால் அவளுக்குப் போதாது. தாளில் எடுத்து மேசையில் விரித்து, எழுந்து நின்றுகொண்டு பார்ப்பாள். ஒரு முறை எழுத்தின் அளவு ஓரிடத்தில் கொஞ்சம் மாறியிருந்ததற்காக முழு வரைபடத்தையும் திருப்பி அனுப்பினாள். "எழுத்து சின்னதானா கட்டடம் விழுமா மேடம்?" என்று வரைந்தவர் கேட்டார். "விழாது. ஆனா இதப் பாக்காதவர் வேற எதப் பாக்கலியோன்னு நேக்கு இருக்குமே" என்றாள். அவளைக் கண்டால் எல்லோருக்கும் பயம். மதியச் சாப்பாட்டுக்கு அவள் மேசைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள், என்னைத் தவிர. அது அவளுக்குத் தெரிந்திருந்தது, வருத்தமும் இருந்தது.

உட்கார்ந்தும் குனிந்தும் பார்த்த வேலையில் இடுப்புவலி வந்தது. உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மருத்துவர் சொன்னார். நடக்கப் போனாள், அலுத்துவிட்டது. ஜிம்முக்குப் போனாள், பாட்டுச் சத்தம் பிடிக்கவில்லை. யோகா வகுப்பில் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்களாம். "கண்ண மூடிண்டா நான் பண்றது சரியான்னு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள். அப்போதுதான் பேக்கரிக்கு மேல் மாடியில் ஷைனி தொடங்கியிருந்த 'பார்' வகுப்பைப் பற்றி யாரோ சொன்னார்கள். பாலே நடனக்காரர்கள் பயிற்சியின்போது பிடித்துக்கொள்ளும், சுவரோடு இடுப்பு உயரத்தில் பதித்த மரக் கைப்பிடிக்குத்தான் பார் என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு எதிரே நின்று செய்கிற பயிற்சி.

பெயர் கொஞ்சம் பாடுபடுத்தியது. கோமதி மேடம் தினமும் ஆபீஸுக்கு முன்னால் பாருக்குப் போகிறார் என்று அலுவலகத்தில் மலையாளத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. கரமனையில் அவர்கள் தெருவில் ஒரு பெரியவர் சங்கரனைத் தனியே அழைத்து, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று விசாரித்தாராம். அதைச் சொல்லும்போது கோமதி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதற்கு முன் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பார்த்தால் ஒன்றுமே இல்லை போலிருக்கும். குதிகாலை உயர்த்தி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அந்த நிலையிலேயே ஒரு விரற்கடை கீழே, ஒரு விரற்கடை மேலே. அவ்வளவுதான். சிறிது நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். நான் முதல் நாளே பாரில் தொங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். கோமதியோ கண்ணாடியில் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷைனி பின்னால் வந்து அவள் இடுப்பில் இரண்டு விரலை வைத்து இம்மி அளவு முன்னால் தள்ளினாள். கோமதியின் முகம் மாறியது. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்: "நடந்தா எவ்வளவு தூரம்னு கேப்பா. ஜிம்முல எவ்வளவு எடைன்னு கேப்பா. இங்கதான் எப்படிப் பண்றேன்னு பாக்கறா." பிறகு, "இத்தனை வருஷமா எல்லாரையும் நான் திருத்திண்டிருக்கேன் ராணி. என்னைத் திருத்த ஒருத்தரும் இல்லை. இப்ப ஒருத்தி கிடைச்சுட்டா" என்றாள்.

எதையும் ஒழுங்காகச் செய்தே தீரவேண்டும் என்று இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று ஷைனியிடம் பிறகு கேட்டிருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கணக்குத் தணிக்கையாளர்களும் பல் மருத்துவர்களும் கணித ஆசிரியைகளும்தான் என்றாள். ஒரு விரற்கடைக்குள் திருத்திக்கொள்ள எப்போதும் ஏதோ ஒன்று பாக்கியிருக்கும். அவர்களுக்கு அது தண்டனையாகத் தோன்றாது, விருந்து.

அந்த விருந்தில் ஆபத்தும் இருந்தது. கோமதி வீட்டில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, குக்கர் சத்தத்துக்கு நடுவே பயிற்சி செய்ய ஆரம்பித்தாள். குதிகாலில் வலி வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் ஷைனி அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வகுப்பின் நடுவிலேயே வீட்டுக்குப் போகச் சொன்னாள். ஷைனி மார்த்தாண்டத்துக்காரி, கோமதியைவிட வெகு இளையவள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "வலியப் பொறுக்கது வேற, சரியாச் செய்யது வேற அக்கா. ஆறின பொறவு வாங்க."

கோமதி அவமானப்பட்டு வெளியேறினாள். இனி அந்தப் பக்கமே வரமாட்டாள் என்றுதான் எண்ணினேன். கால் ஆறியதும் வந்தாள். நுழைந்ததும் ஷைனியிடம், "நீ சொன்னது சரி" என்றாள். அவள் வாயிலிருந்து அலுவலகத்தில் யாரும் கேட்டிராத வாக்கியம் அது.

பிறகு நோய் வந்தது. மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, மருந்து, முடி உதிர்தல் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினாள். வகுப்புக்கு மட்டும் வரவில்லை. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அவள் அப்படி நிற்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வற்புறுத்தவில்லை. மருத்துவர் அனுமதித்த பிறகும் சில வாரம் தள்ளிப்போட்டு, ஒரு திங்கட்கிழமை, தலையில் துணி கட்டிக்கொண்டு, அவளே வந்து நின்றாள்.

பின்வரிசையில் சுவரோரமாக நிற்கிறீர்களா என்று ஷைனி அன்பாகத்தான் கேட்டாள். கோமதி மாட்டேன் என்று தன் பழைய இடத்துக்கே போனாள். கைகளை உயர்த்தச் சொன்னபோது எங்கள் கைகள் எல்லாம் மேலே போயின. அவளுடையது பாதியில் நின்றது. ஷைனி பார்த்தும் பார்க்காததுபோல் அவளைக் கடந்து போனாள்.

"ஷைனி, இங்க வா" என்று கோமதி கூப்பிட்டாள். "கை பாதிதான் வரும். அந்தப் பாதியைத் திருத்து."

ஷைனி திரும்பி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையைச் சற்று வெளியே திருப்பி, தோளைக் கீழே இறக்கினாள்.  பிறகு எல்லோருக்குமாக எண்ணிக்கையைத் தொடர்ந்தாள்.

அலுவலகத்தில் இருப்பவர்கள் பாதி அறிந்த ஒரு சம்பவத்தின் மீதியைச் சொல்லவேண்டும். அடுத்த வருடம், ஒரு காலை வகுப்பில் பாரைப் பிடித்து ஒரு காலைப் பின்னால் நீட்டியிருந்தவள் சட்டென்று காலை இறக்கினாள். நேராகப் போய்க் கைப்பேசியை எடுத்தாள். ஒரு வீட்டின் போர்ட்டிகோவுக்கு அன்று கான்கிரீட் போடுவதாக இருந்தது. அவள் நீட்டியிருந்த காலைப் போலவே, தாங்கத் தூணில்லாமல் சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் கூரை. அதற்கு முக்கியக் கம்பிகள் மேற்பக்கம் வரவேண்டும். வரைபடத்தில் கீழ்ப்பக்கம் காட்டியிருந்தது. அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டது அவள்தான். அப்படியே போட்டிருந்தால் என்றாவது ஒரு நாள் யார் தலையிலாவது விழுந்திருக்கும்.

அங்கிருந்த பொறியாளரிடம் மலையாளத்தில், நிறுத்துங்கள், தப்பு என்னுடையது, வந்துகொண்டிருக்கிறேன் என்றாள். பயிற்சி உடையிலேயே ஆட்டோவில் ஏறினோம். அங்கே மிக்சர் ஓட ஆரம்பித்திருந்தது. ஒப்பந்தக்காரர் கத்தினார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. கம்பி கட்டுகிற திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களிடம் தமிழில் விஷயத்தை விளக்கி, அவர்கள் அவிழ்த்து மறுபடி கட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்றாள். மறுநாள் கூட்டத்தில் வரைந்தவரைக் குற்றம் சொல்லத் தொடங்கியபோது, "வரைஞ்சது அவர். விட்டது நான்" என்று முடித்துவிட்டாள்.

அன்று திரும்பும் வழியில் அவள் சொன்னதுதான் மீதி. "பழைய கோமதின்னா இன்னிக்கே வேலையை விட்டிருப்பா. இல்லாட்டா யாருக்கும் தெரியாம சரிபண்ண வழி தேடியிருப்பா. எது பண்ணியிருந்தாலும் நேரம் போயிருக்கும்." வளைவில் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தெனமும் எல்லார் முன்னாடியும் தப்பா நின்னு பழகியாச்சு ராணி. அதான் சட்டுன்னு வாய்லேர்ந்து வந்துடுத்து."

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவள் மேசையில் இடம் கிடைப்பது கடினமாயிற்று. வரைந்தவர்கள் தாங்களாகவே சந்தேகத்தைக் கொண்டுவந்தார்கள். அவள் கண்டிப்பு குறையவில்லை. எழுத்தின் அளவு மாறினால் அப்போதும் திருப்பி அனுப்பினாள். ஆனால் பயம் போயிருந்தது.

நோய் திரும்பி எலும்புக்குப் பரவிய பிறகு வகுப்பும் நின்றது, அலுவலகமும் நின்றது. கடைசியாகப் போனபோது படுக்கையில் தலையணைகளுக்கு நடுவே இருந்தாள். வகுப்பில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டாள். குதிகால் உயர்த்துவதில் ஷைனி புதிதாக ஒன்று சொல்லித்தருகிறாள் என்றேன். பண்ணிக் காட்டு என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டினேன். சங்கரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"இடது குதிகால் உள்ள சாயறது" என்றாள்.

திருத்தினேன்.

"இப்ப?"

"இன்னும் சாயறது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா இன்னிக்கு இது போதும். வந்து பக்கத்துல உக்காரு."

நான் ஒழுங்கானவள் அல்ல. கோமதி இல்லாவிட்டால் அந்த வகுப்புக்கு இரண்டாம் நாள் போயிருக்கமாட்டேன். என் தப்பை நானே முதலில் சொல்லலாம் என்பதும் எனக்குத் தெரிந்திருக்காது. அவளிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது இந்தக் கடைசி நாளைத்தான். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். சொன்ன கையோடு, பக்கத்தில் இடமும் கொடுத்தாள். கட்டிலின் ஓரத்தில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அவள் பாதம் சில்லிட்டிருந்தது. சங்கரன் காப்பி கொண்டுவரும்வரை அதை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.