ஊசியம்மா உடைத்த கக்கூஸ்

ஐயாயிரத்து அறுநூறு. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் தையல்காரிக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த கடன் அது. கடன் என்றே ஒத்துக்கொள்ளாமல் ஒரு மாதம் ஓட்டினேன். அது கடன்தான் என்று தெரிந்த நிமிஷம் இன்றைக்கும் மறக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கலவைச் சட்டி சுமந்து, கொத்தனாராகி, என் கையாலேயே மூன்று மாடி எழுப்பி, ஆறு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். படித்தவன் எவனாவது செய்யட்டும் பார்க்கலாம். இருக்கட்டும், இது அவள் கதை.

வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டேதான் பேசுவாள். அதனால் எல்லாருக்கும் அவள் ஊசியம்மா. துணிக் கம்பெனியில் ஒன்பது வருஷம் காலர் மட்டுமே தைத்தவள். கை தைக்க வேறொருத்தி, பொத்தான் தைக்க வேறொருத்தி. "ஒரு முழுச் சட்டை தைக்காமலே செத்துப்போயிடுவேனோன்னு பயம் வந்திடுச்சு பெரியவரே" என்று சொல்லி, தையல் மெஷினைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு என் படியேறினாள். புருஷனுக்குக் கப்பலில் சமையல் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுவான். வந்த மூன்றாம் மாதமே, ஓர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளின் அங்கி நாற்பது தைத்துக் கொடுக்க ஆர்டர் பிடித்தாள். துணி கடனுக்கு வாங்கியது. ஒழுங்காகக் கொடுத்தால் மாதாமாதம் வேலை; இல்லையென்றால் மறுபடியும் காலர்.

அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக் கக்கூஸ் கோப்பை ஆட ஆரம்பித்தது.

"உக்காந்தா படகுல போற மாதிரி இருக்கு பெரியவரே."

பிளம்பரைக் கூப்பிடச் சொன்னாள் என் வீட்டுக்காரி. எனக்குச் சிரிப்பு வந்தது. கோப்பையைக் கழற்றினேன், அடியைச் சுரண்டினேன், சிமெண்டை அள்ளி அப்பினேன். ஒரே காலையில் மலை மாதிரி உட்கார வைத்தேன். ஆட்டியது அவள்தானே என்று இருநூறு கேட்டேன்.

"சொந்தக் கட்டடத்துக்கே கூலியா?"

"கூலி வாங்காம வேலை செஞ்சு எனக்குப் பழக்கமில்ல."

கொடுத்தாள். அன்றைக்கு எனக்கும் ஒரு நஷ்டம்: தலைத்துண்டைக் காணோம். சிவப்புக் கட்டம் போட்ட ராசியான துண்டு. கிழிந்த ஓரத்தை அதற்கு முந்தின மாதம்தான் ஊசியம்மா பச்சை நூலில் மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். "உன் துணிக் குவியல்ல பாரு" என்றேன்.

"என் குவியல்ல நாத்தம் புடிச்சது எதுவும் கிடையாது பெரியவரே."

பத்து நாளில் கோப்பையில் தண்ணீர் இறங்கச் சுணங்கியது. பதினெட்டாம் நாள் அவள் நூல் வாங்கப் போயிருந்தபோது, கோப்பைக்கு மேலே இருந்த ஃப்ளஷ் தொட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் கோப்பை நிரம்பி அறைக்குள் வழிந்தது. தரையில் அடுக்கியிருந்த அங்கியில் இருபத்தெட்டு நாசம்.

"துவைச்சுக் குடுத்துடேன்" என்றேன்.

"நோயாளி உடம்புல போடறது. எனக்கு மனசு ஒப்பாது."

மறுபடி கடனுக்குத் துணி வாங்கி, மூன்று நாள் மெஷினை விட்டு எழாமல் தைத்து, சொன்ன தேதியில் நாற்பதையும் கொடுத்துவிட்டாள். அப்புறம் என்னிடம் வந்தாள். துணிக்கு நாலாயிரத்து இருநூறு, தையலுக்கு ஆயிரத்து நானூறு.

"நீதான் வெட்டின மிச்சத்த உள்ள போட்டிருப்ப" என்று விரட்டினேன். அவள் விடவில்லை. அவள் கக்கூஸ் அடைத்தே கிடந்ததால், அவசரத்துக்குக் கீழே எங்கள் வீட்டுக் கக்கூஸுக்குத்தான் இறங்கி வர வேண்டும். வரும்போது ஒரு தடவை கேட்பாள், போகும்போது ஒரு தடவை கேட்பாள்.

ஒரு மாதம் கழித்து எனக்குப் பொறுமை போயிற்று. "முடிஞ்சா உடைச்சுப் பாரு. உள்ள உன் துணி இருந்தா வீட்டைக் காலி பண்ணணும்."

"இல்லாட்டி?"

"கேட்ட காச எண்ணி வைக்கறேன்."

என் உளியையே வாங்கிக்கொண்டு போனாள். நான் அவள் கக்கூஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் வரைக்கும் கொத்தினாள். "நல்ல கலவைதான் பெரியவரே" என்று மூச்சு வாங்கினாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். கடைசியில் கோப்பை பெயர்ந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு குழாய்க்குள் கைவிட்டு இழுத்தாள். சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று, நீளமாக ஏதோ வந்துகொண்டே இருந்தது.

"பாத்தியா, துணி!" என்று கத்தினேன்.

அவள் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் கொட்டினாள்.

சிவப்புக் கட்டம். ஓரத்தில் பச்சை நூல்.

"இது என் தையல்தான் பெரியவரே. ஆனா துணி என்னுது இல்ல."

குழாய் வாய்க்குள் கலவை விழாமலிருக்கத் துணியைச் செருகிவிட்டுத்தான் வேலை பார்ப்போம். கோப்பையை வைக்குமுன் உருவிவிட வேண்டும். உருவ மறந்தவன் ஒருத்தனை அந்த நிமிஷமே வேலையை விட்டு அனுப்பியவன் நான். என் தலையிலிருந்து என் கையாலேயே அவிழ்த்துச் செருகியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருட்டுப்பழி வேறு போட்டிருக்கிறேன்!

என் வீட்டுக்காரி மாடியேறி வந்து எட்டிப் பார்த்தாள். "தொலைஞ்ச துண்டு கெடச்சிருச்சே. கட்டிக்கிறீங்களா?"

கீழே போய்ப் பணத்தை எடுத்து வந்தேன். ஊசியம்மா கையைத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்து, நீட்டினாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். ஐயாயிரத்து அறுநூறையும் எண்ணி வைத்தேன். அவள் கை மூடவில்லை.

"இன்னும் என்ன?"

"காலையிலேருந்து கொத்தியிருக்கேனே பெரியவரே. கூலி வாங்காம வேலை செஞ்சு எனக்கும் பழக்கமில்ல."

இரண்டு நூறு ரூபாய்த் தாளை எடுத்து, ஒவ்வொன்றாக அந்த விரித்த கையில் வைத்தேன்.